கொங்கு நாட்டு வீட்டில் மென்பவளங்கள்: இனம் கண்டறிந்து வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஈரோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. கவுந்தப்பாடியிலிருந்து வரும் பெரியம்மா ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் உட்கார்ந்து, "ஏங் கண்ணு, இது செடியா, காளானா?" என்று கேட்பார். அவர் விரல் நீட்டிக் காட்டுவது, தடித்த காம்பின் மேல் குடை விரித்து நிற்கும் டோட்ஸ்டூல் லெதர் என்னும் மென்பவளம். அது செடியும் அன்று, காளானும் அன்று. பாலிப் எனப்படும் நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் ஒரே உடலாகச் சேர்ந்து வாழும் விலங்கு. அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பாசிகள் வெளிச்சத்தைக் கொண்டு சமைப்பதில் பெரும்பங்கு இந்த விலங்குக்கு உணவாகப் போகிறது.

கடற்கரையே இல்லாத கொங்கு நாட்டில் இதை வளர்ப்பதற்குத் தண்ணீர், சித்திரை வெயில் என இரண்டு தடைகள் உண்டு என்று பலரும் சொல்வார்கள். அவை உண்மைதான். ஆனால் என் தொட்டியில் இறந்தவற்றில் பெரும்பாலானவை அந்த இரண்டாலும் இறக்கவில்லை; இன்னதென்று அறியாமல் வாங்கி, அதற்கு ஒவ்வாத இடத்தில், ஒவ்வாத அண்டையில் வைத்ததால்தான் இறந்தன. ஆகவே இந்த வழிகாட்டியைத் தண்ணீரிலிருந்து தொடங்காமல், இனம் கண்டறிவதிலிருந்து தொடங்குகிறேன்.

பூதக்கண்ணாடியுடன் கடைக்குச் செல்லுங்கள்

கடையில் 'சாஃப்ட் கோரல்' என்று எழுதி வைத்திருக்கும் தொட்டியில் பொதுவாக மூன்று வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்த உயிர்கள் கலந்திருக்கும். உண்மையான மென்பவளங்கள் எண்கதிர்ப் பவளங்கள் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றின் ஒவ்வொரு பாலிப்பிலும் சரியாக எட்டு உணர்விரல்கள் இருக்கும். ஒவ்வொரு விரலின் இரு ஓரங்களிலும் இறகுபோல நுண்ணிய கிளைகள் இருக்கும். அதே தொட்டியில் இருக்கும் மஷ்ரூம், ஸோவாந்தஸ் இரண்டும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை அல்ல. அவை கடற்சாமந்திக்கும் கடினப் பவளத்துக்கும் நெருங்கிய உறவினர்கள். வளர்ப்பு முறை ஒத்திருப்பதால் மட்டுமே அவற்றை மென்பவளத்தோடு சேர்த்துப் பேசுகிறோம். எனவே முதலில் விரல்களை எண்ணுங்கள். எட்டு இருந்து, அவை இறகாகவும் இருந்தால் அது மென்பவளம்.

அடுத்த நிலையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'லெதர்' என்ற ஒரே பெயரில் மூன்று பேரினங்கள் விற்கப்படுகின்றன. சார்கோஃபைட்டனுக்கு வழுவழுப்பான வெற்றுக் காம்பும், ஓரம் மடிந்த தட்டையான குடையும் உண்டு. பாலிப்புகள் குடையின் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். லோபோஃபைட்டத்துக்குக் காம்பு குட்டையானது. மேற்பரப்பில் கைவிரல்களோ வரப்புகளோ எழுந்து நிற்பதுபோலத் தடித்த மேடுகள் இருக்கும். சினுலேரியா அடியிலிருந்தே பல விரல்களாகக் கிளைக்கும். சிறு துண்டாக இருக்கும்போது இந்த வடிவ வேறுபாடு தெளிவாகத் தெரியாது. அப்போது கடைக்காரரிடம் கேட்டு, பாலிப்புகள் உள்ளிழுக்கப்பட்டிருக்கும் நேரத்தில் தோலைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பெரிய துளைகளும், அவற்றுக்கு இடையில் ஊசிமுனையளவு நுண்புள்ளிகளும் தெரிந்தால் அது சார்கோஃபைட்டன் அல்லது லோபோஃபைட்டம். பெரிய துளை உண்ணும் பாலிப்பின் வாசல். நுண்புள்ளி, உடலுக்குள் நீரை இழுத்து விடும் வேறொரு வகைப் பாலிப். ஒரே அளவான துளைகள் மட்டுமே தெரிந்தால் அது சினுலேரியா. முதன்முதலாக அந்தப் புள்ளிகளை நானே கண்ட மாலை இன்றும் நினைவில் இருக்கிறது. அதுவரை ஒரு தோல்துண்டாகத் தெரிந்தது அன்றுதான் எனக்கு ஓர் ஊராகத் தெரிந்தது.

மற்றவற்றை இனம் காண்பது எளிது. கென்யா ட்ரீ என்னும் கேப்னெல்லா, தொய்ந்த கிளைகளுடன் சிறு மரம்போல நிற்கும். தன் கிளைகளைத் தானே உதிர்த்துத் தொட்டியெங்கும் பரவும். கிரீன் ஸ்டார் பாலிப், ஊதா நிறப் பாய்போலப் பாறையில் படர்ந்து, அதன்மேல் பச்சைப் புல்லாகப் பாலிப்புகளை நீட்டும். ஸீனியாவின் பாலிப்புகள் கையைத் திறந்து மூடுவதுபோல ஓயாமல் துடிக்கும். ஏன் துடிக்கிறது என்பதற்குச் செங்கடலின் ஐலாட் பகுதியில் ஸீனியா குடும்பத்து இனம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2013-இல் விடை சொன்னார்கள்: அந்தத் துடிப்பு, பாசிகள் வெளியிடும் உயிர்வளி உடலைச் சுற்றித் தேங்காமல் அகற்றுகிறது, அதனால் ஒளிச்சேர்க்கை கூடுகிறது.

மஷ்ரூம்கள் காம்பு வெளியே தெரியாத தட்டையான வட்டுகள். டிஸ்கோசோமா வழுவழுப்பாக இருக்கும். ரோடாக்டிஸின் மேல் குட்டையான கிளைத்த முடிச்சுகள் இருக்கும். ரிகார்டியாவின் மேல் மணிமணியான குமிழ்கள் இருக்கும். ஸோவாந்தஸும் பேலிதோவாவும் பொத்தான்போல வட்ட வாயும், ஓரத்தில் குட்டையான, கிளையற்ற விரல்களும் கொண்டவை. ஸோவாந்தஸின் தோல் பெரும்பாலும் வழுவழுப்பாகவும், பேலிதோவாவின் தோல் மணலைத் தன்னுள் பதித்துக்கொண்டு சொரசொரப்பாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டை அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பேலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு பேலிதோவா இனத்திலிருந்துதான் 1971-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இந்த இரண்டையும் தொடும்போது கையுறை கட்டாயம். வெட்டும்போது கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் வேண்டும். அவை ஒட்டியிருக்கும் பாறையை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் கொதிக்க வைக்கக் கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்திருக்கிறது.

பாறையில் ஒளிந்து வரும் ஐப்டேசியாவையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பழுப்புக் காம்பும், நுனி கூரான நீண்ட விரல்களும் கொண்ட இந்தச் சிறு கடற்சாமந்தியைப் புதியவர்கள் இலவசமாக வந்த பவளம் என்று மகிழ்ந்து வளர்த்துவிடுவார்கள். சில மாதங்களில் தொட்டி முழுக்க அதுவே நிற்கும்.

வாங்கக் கூடாதவை

கார்னேஷன் கோரல் என்ற பெயரில் செம்பருத்தி நிறத்தில் விற்கப்படும் டென்ட்ரோநெஃப்தியாவைப் போல அழகான மென்பவளம் வேறில்லை. அதன் உடலில் பாசி இல்லை. நாள் முழுவதும் நுண்மிதவை உயிரிகள் நீரில் வந்துகொண்டே இருந்தால்தான் அது வாழும். ஒரு விற்பனையாளர் 'சுலபமான வகை' என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கினேன். ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஏழாவது வாரத்தில் கரைந்தது. பட்டினி கிடந்து சாவதை அவ்வளவு அருகில் பார்த்த பிறகு, யார் கேட்டாலும் அதை வாங்க வேண்டாம் என்று மன்றாடிச் சொல்கிறேன்.

இன்னொன்று சட்டம் பற்றியது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணை, பாறை கட்டும் கடினப் பவளங்களையும் கடல்விசிறிகளையும், எண்கதிர்ப் பிரிவைச் சேர்ந்ததாக இருந்தும் சிவந்த கல் எலும்புக்கூடு கொண்ட ஆர்கன் பைப் கோரலையும் காக்கிறது. 'நம்ம கடல்ல எடுத்தது, விலை கம்மி' என்று யாராவது கடலுயிர்கள் குடியிருக்கும் பாறையான லைவ் ராக்கையோ பவளத்தையோ கொடுத்தால் தொடாதீர்கள். தொட்டியில் வெட்டி வளர்க்கப்பட்ட ஃபிராக் துண்டுகளை மட்டும் இரசீதுடன் வாங்குங்கள்; பாறைக்குச் செயற்கைப் பாறை போதும். நம் கடலின் பவளத்திட்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் வெட்டப்பட்டவை. இப்போது வெப்பத்தால் வெளுத்தும் வருந்துகின்றன. அங்கிருந்து ஒரு கைப்பிடிகூட நம் கூடத்துக்கு வரக் கூடாது.

தண்ணீர்

கொங்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., பல இடங்களில் 1000-ஐத் தாண்டும். கோவையின் சிறுவாணி நீர் மிக மென்மையானது; ஆனால் அதிலும் குளோரின் கலந்திருக்கும். இரண்டையும் அப்படியே பயன்படுத்த இயலாது. கரி வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, கடைசியில் எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் என மூன்று நிலைகளைக் கடந்து, மீட்டரில் சுழியம் காட்டும் நீர்தான் வேண்டும். சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் இதற்குப் போதாது. சுவைக்காகத் தாதுக்களைச் சேர்க்கும் இயந்திரங்களும், இப்போது செம்பைச் சேர்க்கும் இயந்திரங்களும் வீடுகளில் நிறைய உள்ளன. செம்பு மனிதருக்கு நல்லது என்று விற்கப்படுகிறது. முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்கு அது நேரடி நஞ்சு. அதே காரணத்தால் செப்புக் குடம், பித்தளை அண்டா, பித்தளைக் குழாய் எதுவும் இந்த நீரின் பக்கம் வரக் கூடாது. பிளாஸ்டிக் கேன்களைத் தனியாக ஒதுக்கி, அவற்றில் வேறெதையும் ஊற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு என்றால் ரீஃப் தொட்டிக்கென, அதாவது பவளத் தொட்டிக்கென விற்கப்படும் சால்ட் மிக்ஸ் மட்டுமே. 'கடல் உப்புதானே' என்று கல்லுப்பைக் கரைக்க நினைப்பவர்கள் உண்டு. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிகமானதும், மக்னீசியம் செறிந்த எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். ஆகவே மூட்டையில் வருவது கடலின் ஒரு பகுதிதான். 20 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 700 முதல் 760 கிராம் சால்ட் மிக்ஸ் தேவைப்படும். சிறு பம்பு வைத்துச் சில மணி நேரம் சுழலவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.026, அல்லது ஆயிரத்துக்கு 35 பங்கு வருகிறதா என்று பாருங்கள். அந்தக் கருவியை 35 பங்கு திரவத்தால்தான் சரிபார்க்க வேண்டும். வெறும் நீரில் சுழியம் வைத்துச் சரிபார்ப்பது பல நேரங்களில் பிழையான அளவைத் தரும்.

தொட்டியில் நிலையாக வைத்திருக்க வேண்டிய மற்ற அளவுகள்: பி.எச். 8.1 முதல் 8.4, காரத்தன்மை டி.கே.எச். என்னும் அலகில் 8 முதல் 10, கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். நைட்ரேட் 2 முதல் 20 வரையும், பாஸ்பேட் 0.02 முதல் 0.1 வரையும் இருக்கலாம். நைட்ரேட்டைச் சுழியமாக்கப் பாடுபடாதீர்கள். மென்பவளங்களுக்குக் கொஞ்சம் சத்துள்ள நீரே பிடிக்கும், துடைத்தெடுத்த நீரில் மஷ்ரூமும் ஸோவாந்தஸும் சுருங்கும்.

சூடு

தொட்டி 24 முதல் 26.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுக்கும். ஈரோடு, கரூர், சேலம் பக்கம் சித்திரை, வைகாசியில் வெளி வெப்பம் 40-ஐத் தொடுவது வழக்கம் என்பதால் இங்கே நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இன்றி ஆண்டு முழுவதும் ஓட்ட முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் நீர்ப்பரப்பின் மேல் வீசும் ஒரு மின்விசிறியே பெரும்பாலும் போதும். சில்லர் இயந்திரத்தைக் கூண்டுக்குள் வைத்து மூடாதீர்கள். அது நீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் விடுகிறது.

மின்விசிறி ஆவியாக்கித்தான் குளிரச் செய்கிறது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 150 லிட்டர் தொட்டியில் 6 லிட்டர் குறைந்தால் உப்பு 35-இலிருந்து ஏறத்தாழ 36.5-க்கு ஏறிவிடும். எனவே ஈடு செய்யும் நீர் எப்போதும் உப்பில்லாத ஆர்.ஓ., டி.ஐ. நீராக இருக்க வேண்டும், அதுவும் நாள்தோறும். சம்ப் எனப்படும் துணைத் தொட்டியில் டேப் ஒட்டி ஒரு கோடு போட்டுக்கொண்டால், காலையில் காப்பி குடிக்கும் நேரத்தில் இந்த வேலை முடிந்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் பகல் முழுவதும் நிற்கும் நாளில் முதலில் காக்க வேண்டியது வெப்பத்தை அல்ல, நீரோட்டத்தை. நீரோட்டம் தரும் சிறு பம்பான வேவ்மேக்கர் ஒன்றை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சூடு ஏறினால், மூடி இறுக்கிய பாட்டிலில் உறைந்த பனிக்கட்டியை சம்ப்பில் மிதக்க விடலாம். அதே அறையில் கொசுவர்த்தியோ, பூச்சி மருந்துத் தெளிப்போ வேண்டாம்.

முதிரவிடுதல்

பாறையும் உப்புநீரும் வைத்தபின் நன்மை செய்யும் பாக்டீரியா பெருகி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குப் பின் பழுப்புப் பாசி படரும். அதுவும் தானே போகும். நான் சொல்வது, மூன்றாவது மாதம் வரை பவளம் வாங்காமல் பொறுத்திருங்கள் என்பதே. நெல் நாற்றுக்குச் சேற்றைப் பதப்படுத்தாமல் நடவு செய்வோர் இங்கு யாருமில்லை.

வந்து சேரும் நாள்

சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் பார்சல் வந்தால் விடியும் முன்பே போய் எடுத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பின், மெல்லிய குழாய்வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச்சொட்டாக அரை மணி நேரத்துக்கு மேல் பையில் சேர்க்க வேண்டும். பின்னர், தொட்டி நீர் நிரப்பிய தனிக் கிண்ணத்தில் அயோடின் வகை டிப் மருந்தை உறையில் சொல்லிய அளவில் கலந்து, பவளத்தைச் சில நிமிடங்கள் முக்கி, லேசாக அசையுங்கள். கிண்ணத்தின் அடியில் என்ன உதிர்கிறது என்று பாருங்கள்: ஸோவாந்தஸைத் தின்னும் ஓடில்லா நத்தை, அது தின்ற பாலிப்பின் நிறத்திலேயே இருக்கும், அசைந்து விழும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். முட்டைச் சுருள்களை மருந்து கொல்லாது. அவற்றைச் சிறு கத்தியால் சுரண்டி எடுங்கள். ஸீனியாவுக்கு இந்த முக்குதல் ஒவ்வாது. அதைத் தொட்டி நீரிலேயே அலசினால் போதும். பையிலுள்ள நீர் எந்நிலையிலும் தொட்டிக்குள் போகக் கூடாது.

எதை எங்கே வைப்பது

இனம் தெரிந்திருந்தால் இது தானாக விளங்கும். மஷ்ரூம்களுக்கு அடித்தளம், மங்கிய ஒளி, மெல்லிய நீரோட்டம். அவற்றின் சளியில் பசை பிடிக்காது. வலை மூடிய சிறு கிண்ணத்தில் கல்துண்டுகளோடு இரண்டு வாரம் போட்டுவைத்தால் தாமே ஒட்டிக்கொள்ளும். லெதர்களுக்கு நடுமட்டம், மாறிமாறி வரும் நல்ல நீரோட்டம். ஸோவாந்தஸ் நடுமட்டத்துக்குக் கீழே. கிரீன் ஸ்டார் பாலிப்பையும் ஸீனியாவையும் மணலில் தனித்து நிற்கும் கல்லின்மேல் வையுங்கள். முதன்மைப் பாறையில் ஒருமுறை ஏறிவிட்டால் அவற்றை அகற்றுவது அறுகம்புல்லை அகற்றுவது போன்றது. வெனிசுவேலாவின் கரையோரத்தில், மீன்தொட்டி வணிகத்தின் வழியாகப் போனதாகக் கருதப்படும் ஸீனியா குடும்பத்து இனம் ஒன்று அங்குள்ள பவளப்பாறைகளையே மூடிப் படர்ந்திருக்கிறது. நம் தொட்டித் துண்டு எதையும் கடலில் விடக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான சான்று.

லெதர்கள் தம் அண்டையாரை நீரில் விடும் டெர்பீன் வேதிப்பொருள்களால் ஒடுக்கும். ஆகவே கடினப் பவளத்தோடு ஒரே தொட்டியில் வைப்பதானால் ஆக்டிவேட்டட் கார்பனைத் தொடர்ந்து ஓடவிட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்துக் கொட்டாங்குச்சிக் கரி கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கிறது என்பதால் அதை அள்ளிப் போட்டுவிடக் கூடாது; மீன்தொட்டிக்கென அமிலத்தில் கழுவிப் பதப்படுத்தியதையே வாங்கி, தூள் நீங்கும்வரை அலசிய பிறகு வைக்க வேண்டும்.

ஒளிக்கு நீலம் மிகுந்த ரீஃப் எல்.இ.டி. விளக்கு, நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம். புதுத் துண்டைக் கீழே வைத்து, இரண்டு வாரத்தில் படிப்படியாக மேலேற்றுங்கள்.

சுருங்கி நிற்கும்போது

வாரம் பத்து விழுக்காடு நீர் மாற்றுவது, காரத்தன்மையையும் உப்பையும் அளந்து நோட்டில் குறிப்பது, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவுவது, இவைதான் வார வேலை. பெரும்பாலான மென்பவளங்களுக்குத் தனியாக உணவு தேவையில்லை. மீன்களுக்கு இடுவதும் விளக்கொளியும் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் உங்கள் டோட்ஸ்டூல் பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு, சுருங்கி, மேலே மெழுகு தடவியதுபோல மங்கலான படலத்துடன் நிற்கும். எங்கள் வீட்டில் அது பன்னிரண்டு நாள் அப்படி நின்றது. செத்துவிட்டது, எடுத்து எறி என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வேவ்மேக்கரைச் சற்றே அதன் பக்கம் திருப்பிவிட்டு, வேறெதையும் தொடாமல் இருந்தேன். பதின்மூன்றாம் நாள் காலையில் அந்தப் படலம் பாம்புச் சட்டைபோல ஓரத்திலிருந்து உரிந்து, கிழிந்து, நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தது; கீழே புதுத்தோலில் பாலிப்புகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டின. லெதர்கள் தம் மேல் படியும் பாசியையும் தூசையும் இப்படித்தான் கழற்றுகின்றன. மூக்குதான் இங்கே நல்ல கருவி: படலம் உரியும் பவளத்துக்கு அழுகல் நாற்றம் இருக்காது. கரும்பழுப்புப் புண், கொழகொழப்பு, அழுகிய முட்டை நாற்றம் மூன்றும் சேர்ந்தால் அது அழுகல். உடனே வெளியே எடுத்து, நல்ல திசு தெரியும்வரை வெட்டி நீக்குங்கள்.

வெட்டிப் பெருக்குதல்

ஓராண்டு கடந்த லெதரின் குடையை, தொட்டிக்கு வெளியே அதே நீர் நிரம்பிய கிண்ணத்தில் வைத்து, புதிய அறுவைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெளிவரும் பால்போன்ற சளியை வேறு நீரில் இருமுறை அலசுங்கள். துண்டைச் சிறு கல்லின்மேல் வைத்து, அறுக்காத அளவுக்குத் தளர்வாக ரப்பர் பேண்ட் போட்டு, நீரோட்டம் உள்ள இடத்தில் விடுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் பிடித்துக்கொள்ளும். தாய்க் காம்பைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் அதன் தலையில் மறுபடி குடை எழும். வெட்டும் நாளன்று புதிய கார்பன் போடுங்கள். பெரியம்மாவின் பேரன் திருப்பூரில் ஒரு தொட்டி தொடங்கியிருக்கிறான். அவன் தொட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் கொடுப்பதற்காக, அந்தப் பழைய டோட்ஸ்டூலின் ஒரு துண்டு இப்போது ஓரக் கல்லில் ரப்பர் பேண்டோடு நிற்கிறது. நேற்று முதல் நான்கு பாலிப்புகள் வெளியே வந்திருக்கின்றன.